விண்ணப்பமும் இருக்கையும்: திருமுக்கூடல் வட்டாரத்து ஊர்கள் மேலரசிடம் கேட்டுப் பெற்ற வரலாறு

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் அமைந்த திருமுக்கூடலும், அதற்கு வடமேற்கே பட்டுத்தறிகளாலும் கோயில்களாலும் பெயர்பெற்ற காஞ்சிபுரமும், தெற்கே உத்திரமேரூரும் சேர்ந்த வட்டாரம், தமிழ்நாட்டில் ஊராட்சியின் வரலாற்றை எழுத முனைவோர் எவரும் விட்டுச்செல்ல முடியாத நிலப்பகுதியாகும். ஊர்ச்சபைகள் தமக்குள் எவ்வாறு ஆண்டுகொண்டன என்பதைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆனால் ஓர் ஊர் தன் கையால் செய்துகொள்ள இயலாதவற்றை மேலிருக்கும் அரசிடம் எந்த வழியில், யாருடைய வாயால், எந்த உரிமையின்பேரில் கேட்டது என்பது அவ்வளவாக ஆராயப்படவில்லை. வரியைக் குறைக்கவும், நிலத்தை இறையிலியாக்கவும், ஆற்றுநீரைத் தடுத்துவைத்திருக்கும் அயலாரிடம் பேசவும், திருவிழாக் கூட்டத்துக்கு வேண்டிய செலவைப் பகிர்ந்துகொள்ளவும் ஓர் ஊர் எக்காலத்திலும் மேலரசை நாடியே வந்திருக்கிறது. இந்த நாடலின் வடிவம் காலந்தோறும் மாறியதையும், அம்மாற்றத்தில் ஊர் பெற்றதையும் இழந்ததையும் இவ்வட்டாரத்தின் சான்றுகளைக்கொண்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளில் பழமையானவை பல்லவர் காலத்தவை. நிருபதுங்கவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஆற்றுக்கு அக்கரையில் இன்று பழையசீவரம் என வழங்கும் சீயபுரத்தின் சபை, பொன்னைப் பெற்றுக்கொண்டு இக்கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஒப்புக்கொண்டதைக் கூறுகிறது. ஆயினும் இக்கோயிலை வரலாற்றாசிரியர்கள் அனைவரும் அறியச் செய்தது வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1067-68இல், பொறிக்கப்பட்ட நீண்ட கல்வெட்டே ஆகும். கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்த இந்தக் கல்வெட்டு, மன்னனின் மெய்க்கீர்த்தியில் தொடங்கி, கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையில் அவன் வீற்றிருந்தபோது பிறந்த ஆணையைச் சொல்லி, வயலைக்காவூர் என்னும் ஊர் செலுத்திவந்த 75 கழஞ்சுப் பொன் இக்கோயிலின் செலவுகளுக்கு உரியதாக்கப்பட்டதையும், அந்த வருவாய் எந்தெந்த இனத்துக்கு எவ்வளவு என்று பகுக்கப்பட்டதையும் விரித்துரைக்கிறது.

அந்தப் பகுப்பைச் சற்று அணுகிப் பார்ப்பது பயன் தரும். கோயிலின் சனநாத மண்டபத்தில் இருக்கு வேதமும் யசுர் வேதமும் ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலும் கற்பிக்கும் பள்ளியும், அங்குப் பயில்வோர் உண்டு உறையும் விடுதியும், ‘வீரசோழன்’ என்று பெயரிடப்பட்ட ஆதுலசாலையும், அதாவது நோயாளரை வைத்து மருத்துவம் பார்க்கும் இல்லமும், நடந்துவந்தன. ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஒதுக்கப்பட்டன. அறுவை மருத்துவம் செய்பவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளருக்குப் பணிவிடை செய்யும் பெண்கள், நாவிதர் ஆகியோருக்குத் தனித்தனியே படி வகுக்கப்பட்டது. ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய ஏறத்தாழ 20 மருந்துகளின் பெயர்கள் அளவுடன் தரப்பட்டுள்ளன. கடுக்காயை முதன்மையாகக் கொண்ட வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, கோமூத்திரஹரீதகி ஆகியவையும், வில்வம் சேர்ந்த நெய்மருந்தான பில்வாதி கிருதமும், சுநேத்ரி, கல்யாணலவணம் போன்றவையும் அவற்றுள் அடங்கும். நோயாளர் இருக்கும் இடத்தில் இரவு எரியவேண்டிய விளக்குக்கான எண்ணெய்கூடக் கணக்கில் விடுபடவில்லை.

இன்றைய நகராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல்வெட்டு அந்நியமாகத் தோன்றாது. மேலரசின் வரிவருவாயில் ஒரு பகுதி ஓர் ஊரின் கல்விக்கும் மருத்துவத்துக்கும் திருப்பிவிடப்பட்டது என்பதும், திருப்பிவிடப்பட்ட தொகை, அதன் மூலம், அதனைப் பெறுவோர், செலவின் நோக்கம் ஆகிய நான்கும் அவ்வூரிலேயே எவரும் படிக்கக்கூடிய சுவரில் எழுதிவைக்கப்பட்டன என்பதுமே அதன் சிறப்பு. இன்று ஓர் ஊராட்சிக்கு எந்தத் திட்டத்தின்கீழ் எவ்வளவு வந்தது, அது எதற்கானது என்று அறிந்துகொள்ள அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் குடிமகனுக்கு, 75 கழஞ்சின் கணக்கு பொறிக்கப்பட்ட அந்தச் சுவர் ஒரு வெளிப்படையான உரிமைப் பத்திரமாகவே தோன்றும்.

அரசாணை பிறப்பதற்கு முன்னும் பின்னும் இருந்த படிநிலைகளைப் பல்லவர், சோழர் ஆவணங்கள் ஓரளவு தெளிவாகவே காட்டுகின்றன. பல்லவர் செப்பேடுகளில் கொடையை வேண்டி மன்னனிடம் விண்ணப்பம் செய்தவரின் பெயருக்கும், ஆணையை நிறைவேற்றும் பொறுப்பேற்றவராகிய ஆணத்தியின் பெயருக்கும் தனி இடம் உண்டு. சோழர் காலத்தில் இந்த நடைமுறை மேலும் விரிந்தது. மன்னன் வாய்மொழியாகச் சொன்னதைத் திருமந்திர ஓலை என்னும் எழுத்தர் எழுத, திருமந்திர ஓலைநாயகம் எனப்பட்ட தலைமை அலுவலர் சரிபார்க்க, புரவுவரித் திணைக்களம் என்னும் நிலவரித் துறையினர் அதனை வரிப்பொத்தகத்தில் ஏற்ற, அதன் பின்னரே ஆணை நாட்டார்க்கும் ஊரார்க்கும் போய்ச் சேர்ந்தது. இத்தனை கைகளின் பெயர்களும் பல ஆவணங்களில் வரிசையாகத் தரப்பட்டிருப்பதால், ஊர் கேட்டது எந்த இடத்தில் நின்றுபோனது, எவரால் நகர்ந்தது என்று அன்றைய ஊராருக்குத் தெரிந்திருக்கவேண்டும். விண்ணப்பம் செய்தவர்கள் பெரும்பாலும் அரசனுக்கு நெருக்கமான அதிகாரிகளாகவும் தலைவர்களாகவும் இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. ஊர் நேரடியாகப் பேசியதைவிட, செல்வாக்குடைய ஒருவர் ஊருக்காகப் பேசியதே மிகுதி.

மேலரசின் பிரதிநிதி ஊர்ச்சபைக்குள் வந்து அமர்ந்ததும் இவ்வட்டாரத்திலேயே பதிவாகியுள்ளது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்ட ஊரில் குடவோலை முறையால் வாரியங்களுக்கு, அதாவது ஏரி, தோட்டம், ஆண்டுக் கணக்கு முதலியவற்றைக் கவனிக்கும் குழுக்களுக்கு, ஆட்களைத் தெரிந்தெடுத்த முறையை விளக்குபவை. அவற்றைக் குடியாட்சியின் முன்னோடி எனப் போற்றுவோர் பலர். ஆனால் முதல் ஏற்பாட்டின்போது தத்தனூர் மூவேந்தவேளானும், இரண்டாவதன்போது சோமாசிப்பெருமானும், அரசனின் ஆணைப்படி சபையாரோடு உடனிருந்தார்கள் என்று அதே கல்வெட்டுகள் தொடக்கத்திலேயே சொல்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் விலக்கிய அந்தக் கடுமையான விதிகள், சபையும் அரசும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து வகுத்தவை. சபையின் தன்னாட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு அரசின் பங்கை மறந்துவிடுவோரும், அரசின் பங்கைக் காட்டிச் சபையை வெறும் பொம்மை என்று தள்ளிவிடுவோரும் இக்கல்வெட்டின் பாதியையே படிக்கிறார்கள் என்று சொல்லவேண்டும்.

விசயநகரப் பேரரசின் காலத்தில் கேட்பவர்களின் தன்மை மாறியது. பார்ப்பனச் சபைகளின் செல்வாக்கு தேய, தறிக்கு வரி கட்டிய கைக்கோளர், கம்மாளர், வணிகர் ஆகியோரின் கூட்டமைப்புகள் தம் பெயரால் தாமே பேசத் தொடங்கின. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழுதிலம்பட்டுச் சாவடி என்னும் ஆட்சிப் பிரிவைச் சேர்ந்த கைக்கோளர்கள், காஞ்சிபுரத்துக் கைக்கோளரும் விரிஞ்சிபுரத்துக் கைக்கோளரும் துய்த்துவந்த தண்டு, சங்கு ஆகிய உரிமைகள், அதாவது பல்லக்கில் செல்லவும் சங்கு ஊதிக்கொள்ளவும் உள்ள உரிமைகள், தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றதாகக் கல்வெட்டு உண்டு. பிற ஊரார் பெற்றதைச் சான்றாகக் காட்டிக் கேட்கும் இந்த முறை கவனத்துக்குரியது. ஓர் ஊருக்குக் கொடுத்ததை மற்றோர் ஊருக்கு மறுக்கலாகாது என்னும் வாதமே இன்றும் மாமன்றத் தீர்மானங்களில் அடிக்கடி காணப்படும் வாதமாகும். காஞ்சிபுரத்து நெசவாளர் அன்று பிறருக்கு எடுத்துக்காட்டாக இருந்தார்கள் என்பதில் இவ்வூரின் நெசவுச் சமூகத்துக்கு இருந்த பெருமதிப்பும் விளங்குகிறது. கேட்டும் கிடைக்காத இடங்களில் மக்கள் வேறு வழியையும் கைக்கொண்டார்கள்; 1429இல் சோழமண்டலத்தின் திருவைகாவூர், கொறுக்கை முதலிய ஊர்களில் வலங்கை, இடங்கை என இரு பிரிவாக நின்ற சாதிக் கூட்டத்தார் ஒன்றுகூடி, முறையற்ற வரிகளைக் கொடுப்பதில்லை என்று கல்லில் எழுதி நட்டார்கள்.

ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சியில் விண்ணப்பம் கச்சேரிக் காகிதமாகச் சுருங்கியது. மாவட்ட ஆட்சியர் ஒருவரே வரி வாங்குபவராகவும் குறை கேட்பவராகவும் இருந்தமையால், குறையைக் குறைக்குக் காரணமானவரிடமே சொல்லவேண்டிய நிலை ஏற்பட்டது. இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற முயன்ற முதல் பெரிய முயற்சி, காசுலு இலட்சுமிநரசு செட்டியார் முன்னின்று 1852இல் தொடங்கிய சென்னை சுதேசி சங்கத்தின் விண்ணப்பம் ஆகும். சென்னை அரசைக் கடந்து நேரே இலண்டன் பாராளுமன்றத்துக்குச் சென்ற அந்த விண்ணப்பமும் அதன் தொடர்பில் எழுந்த விவாதமும், வரி வாங்குவதற்காகக் குடிகள் துன்புறுத்தப்பட்டதை விசாரிக்கும் குழு அமையவும், அதன் அறிக்கை 1855இல் வெளிவரவும் வழிவகுத்தன. மேலரசு செவிசாய்க்காதபோது அதற்கும் மேலான அவையை நாடுவது என்னும் பாடத்தைத் தமிழ்நாட்டு நகரத்தார் அப்போது கற்றார்கள்.

காஞ்சிபுரம் 1866இல் நகராட்சியானது. 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இத்தகைய நகராட்சிகளில் உறுப்பினர்கள் அரசால் அமர்த்தப்பட்டார்கள். ஆட்சியரே தலைமை வகித்தார். 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், அதைப் பின்பற்றி 1884இல் சென்னை மாகாணத்தில் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தலப்போர்டுகள் சட்டமும், வரி கட்டுவோர் தங்கள் உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைப் படிப்படியாகக் கொண்டுவந்தன.

இவற்றுக்குப் பின் வந்த 1892ஆம் ஆண்டின் இந்தியக் கவுன்சில்கள் சட்டம், இக்கட்டுரையின் பொருளைப் பொறுத்தவரை மிகப்பெரிய திருப்பமாகும். பாடநூல்கள் இச்சட்டத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வருந்தத்தக்கது. மாகாணச் சட்டமன்றத்தில் கூடுதல் உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கு வகைசெய்த இச்சட்டத்தின் விதிகளின்படி, சென்னை மாநகராட்சியும், பல நகராட்சிகள் சேர்ந்த குழுக்களும், மாவட்டப் போர்டுகளின் குழுக்களும், பல்கலைக்கழகமும் தத்தம் சார்பாளரைப் பரிந்துரைக்க, ஆளுநர் அவர்களை அமர்த்தினார். தேர்தல் என்னும் சொல்லைச் சட்டம் தவிர்த்துவிட்டபோதிலும் நடைமுறையில் நடந்தது தேர்தலே. புதிய உறுப்பினர்கள் வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசலாம், வாக்களிக்க முடியாது; அரசைக் கேள்வி கேட்கலாம், துணைக்கேள்வி கேட்க முடியாது. இத்தனை குறைகளோடும் அது நகராட்சிகளுக்குச் சட்டமன்றத்தினுள் சொந்தமாக ஓர் இருக்கையைக் கொடுத்தது. ஆட்சியரின் மேசையில் நாள்கணக்கில் கிடந்த குடிநீர்த் திட்டம் பற்றியோ சாலை மானியம் பற்றியோ அரசாங்கத்தின் உறுப்பினர் அவையில் எழுந்து பதில் சொல்லியாக வேண்டிய நிலை முதன்முறையாக உண்டானது. 1909ஆம் ஆண்டின் மிண்டோ-மார்லி சீர்திருத்தங்கள் இந்த இருக்கைகளை வெளிப்படையான தேர்தல் இடங்களாக்கி, எண்ணிக்கையையும் கூட்டின.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் ஒரு கையால் கொடுத்து மறுகையால் எடுத்துக்கொண்டது. தல சுயாட்சி, அதாவது உள்ளாட்சி, இந்திய அமைச்சர் வசம் ஒப்படைக்கப்பட்ட துறைகளுள் ஒன்றாயிற்று; நீதிக்கட்சியின் பனகல் அரசர் அந்தத் துறையைத் தாமே வைத்துக்கொண்டு முதலமைச்சராகவும் இருந்தார் என்பதிலிருந்து அதன் மதிப்பை உணரலாம். 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் மன்றங்களின் அதிகாரத்தை விரிவாக்கியது. ஆனால் சட்டமன்றத் தொகுதிகள் நிலப்பரப்பை அடிப்படையாகக்கொண்டு அமைக்கப்பட்டதால் நகராட்சிகளின் தனி இருக்கைகள் மறைந்தன. மக்களுக்கு நேரடி வாக்குரிமை கிடைப்பது எவ்வகையிலும் முன்னேற்றமே. ஆயினும் மக்களின் சார்பாளரும் மன்றத்தின் சார்பாளரும் ஒருவரல்லர் என்ற வேறுபாடு அப்போது எவருக்கும் பெரிதாகப் படவில்லை. தொகுதி உறுப்பினர் வாக்காளருக்குப் பொறுப்பானவர். குழாய் பதிக்கவும் குப்பை அள்ளவும் கடமைப்பட்ட மன்றத்துக்கு அவர் கணக்குச் சொல்லவேண்டியதில்லை.

இந்தக் காலத்தில் நகராட்சி மன்றம் தலைவர்களை வளர்த்தெடுக்கும் பள்ளியாக விளங்கியது. முதல் உலகப்போரின் இறுதியாண்டுகளில் ஈரோட்டு நகராட்சித் தலைவராக இருந்து குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றிய ஈ. வெ. இராமசாமியும், சேலம் நகராட்சித் தலைவராக இருந்த சி. இராசகோபாலாச்சாரியும் அதே ஆண்டுகளில் மேலரசோடு கடிதப்போர் நடத்திப் பழகியவர்கள். காஞ்சிபுரத்தின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த சி. என். அண்ணாதுரை, கல்லூரிக்குச் செல்லுமுன் குடும்பத்தின் வறுமையால் காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்திலேயே சிறிதுகாலம் எழுத்தராகப் பணிபுரிந்தார். ஓர் ஊரின் கோரிக்கை எந்த நடையில் எழுதப்பட்டு எங்கே அனுப்பப்படுகிறது என்பதை அந்த மேசையில் அவர் பார்த்திருப்பார். 1967இல் அவர் முதலமைச்சரானபோது சட்டப்பேரவைக்கு அல்லாமல் சட்ட மேலவைக்கே உறுப்பினரானார் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

மேலவைதான் நகராட்சிகளின் இருக்கையை மீட்டுத் தந்த இடம். இந்திய அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு, மேலவை உள்ள மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை நகராட்சிகள், மாவட்டப் போர்டுகள் முதலிய உள்ளாட்சிகளின் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கவேண்டும் என்று விதித்தது. 1952 முதல் தமிழ்நாட்டில் இது நடைமுறையில் இருந்தது. நகரமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு சட்டமியற்றும் அவை ஒன்றின் அமைப்பைத் தீர்மானித்தது என்பதால், மேலவைக்குப் போட்டியிடுவோர் நகராட்சி அலுவலகங்களைத் தேடி வரவேண்டியிருந்தது. வருபவரிடம் ஊரின் குறையைச் சொல்லவும், மறுமுறை வரும்போது கேட்கவும் மன்றத்தாருக்கு வாய்ப்பிருந்தது. மேலவையை ஓய்வுபெற்ற அரசியல்வாதிகளின் ஓய்வறை என்று பழித்தவர்கள் இந்தக் கொள்வினை கொடுப்பினையைக் கருத்தில் கொள்ளவில்லை.

அந்த இருக்கை உள்ளிருந்தே அரிக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழ்நாட்டில் 1969க்குப் பின் 1986 வரை நகராட்சித் தேர்தல்கள் நடைபெறவில்லை. 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றம் 1996 வரை திரும்பி வரவில்லை. மன்றங்களே இல்லாத காலத்தில் மன்றத்தாரின் வாக்கு எங்கிருந்து வரும்? 1986 பிப்ரவரியில் ஒருவழியாகத் தேர்தல் நடந்தபோது எதிர்க்கட்சியான தி.மு.க. பெரும்பாலான நகராட்சிகளைக் கைப்பற்றியது; அதன் விளைவாக உள்ளாட்சித் தொகுதிகள் வழியே மேலவையில் அக்கட்சியின் கை ஓங்கும் நிலை தென்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் மேலவையைக் கலைக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறி, நவம்பர் 1ஆம் நாள் மேலவை இல்லாதொழிந்தது. ஒரு திரைப்பட நடிகையின் நியமனம் பற்றிய சர்ச்சையே காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. நகராட்சித் தேர்தல் முடிவையும் அதனுடன் வைத்துப் பார்க்காமல் அந்த ஆண்டின் அவசரத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

1993 சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74ஆம் திருத்தம் நகராட்சிகளுக்கு அரசியலமைப்புத் தகுதியையும், ஐந்தாண்டுத் தேர்தலுக்கான கட்டாயத்தையும், 18 பணிகள் அடங்கிய 12ஆம் அட்டவணையையும், வரிவருவாயைப் பகிர்வதற்குப் பரிந்துரைக்கும் மாநில நிதி ஆணையத்தையும் தந்தது. இத்திருத்தத்தை வரவேற்று எழுதப்பட்டவற்றுள் ஒரு குறை கவனிக்கப்படாமலேயே போயிற்று. 243ஆர் பிரிவின்படி, நாடாளுமன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகராட்சி மன்றத்தில் இடமளிக்க மாநிலம் சட்டம் செய்யலாம். நகராட்சிக்குச் சட்டமன்றத்தில் இடமளிக்க அத்திருத்தத்தில் வழி எதுவும் இல்லை. 1892ஆம் ஆண்டுச் சட்டத்தால் நகராட்சியிலிருந்து சட்டமன்றத்தை நோக்கிச் சென்ற பாதை, நூறாண்டு கழித்து எதிர்த்திசையில் திரும்பிவிட்டது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகரங்களின் நிலை சட்டப்படி இதைவிட மேலானது அன்று. நகராட்சி மாநிலத்தின் படைப்பே, மாநிலம் தந்த அதிகாரத்துக்கு மேல் அதற்கு எதுவும் இல்லை என்று அயோவா மாநில நீதிபதி சான் டில்லன் 1868இல் வகுத்த கோட்பாடு அங்குப் பல மாநிலங்களில் இன்றும் செல்லுபடியாகிறது. அதனாலேயே அந்நாட்டு நகரமன்றங்கள் பல, மாநிலச் சட்டமன்றம் கூடுமுன் தங்கள் கோரிக்கைகளை முதன்மை வரிசைப்படுத்தி, மன்றத்தில் விவாதித்து நிறைவேற்றி, அச்சிட்டு வெளியிட்டு, அதற்கென அமர்த்திய ஆட்களைத் தலைநகருக்கு அனுப்புகின்றன. இருக்கை இல்லாத குறையை வெளிப்படையான பட்டியல் ஓரளவு ஈடுசெய்கிறது. எது முதலாவது, எது கைவிடப்பட்டது என்பதை நகரத்தார் அனைவரும் அறிகிறார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு கோரிக்கை செல்லும் வழி வேறு. மன்றக் கூட்டத்தில் ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று வைக்கப்படும் பொருள் தீர்மானமாகி, நகராட்சி நிர்வாகத் துறையின் தலைமை அலுவலகத்துக்குப் போய், தொழில்நுட்ப அனுமதியும் நிர்வாக அனுமதியும் பெற்று, அரசாணையாகத் திரும்பவேண்டும். இடையில் சட்டமன்ற உறுப்பினர் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது, அதாவது ஒவ்வொரு துறைக்கும் பேரவை நிதி ஒதுக்கும் நாள்களில், தம் தொகுதியின் தேவையாக அதை எடுத்துரைத்தால் வேகம் கூடும். அவர் எந்தக் கோரிக்கையை எடுப்பார், எதை விடுவார் என்பதை மன்றம் தீர்மானிக்க முடியாது. ஊருக்கு எது முதன்மை என்பது ஊரின் மன்றத்துக்கு வெளியே முடிவாகிறது.

இதன் விளைவைக் காஞ்சிபுரத்தின் அண்மைக்கால வரலாற்றில் தெளிவாகக் காணலாம். 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை, 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைத் தரிசிக்க 48 நாள்களில் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1.64 இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. குடிநீர், கழிப்பிடம், குப்பை, போக்குவரத்து, நெரிசலில் உயிரிழப்பு என ஒரு நகரம் தாங்க முடியாத சுமைகள் அத்தனையும் வந்திறங்கிய அந்நாள்களில், காஞ்சிபுரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரமன்றமே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த மன்றத்துக்குப் பின் 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்காததால், தனி அலுவலரே மன்றத்தின் இடத்தில் இருந்தார். ஊர் தன் வாழ்நாளின் மிகப்பெரிய தேவையைக் கேட்கவேண்டிய வேளையில் கேட்பதற்குரிய வாய் அதற்கு இல்லாமற்போனது. 2021 ஆகத்தில் தாம்பரம், கும்பகோணம், கரூர், கடலூர், சிவகாசி ஆகியவற்றுடன் காஞ்சிபுரமும் மாநகராட்சியாக்கப்படும் என அறிவிக்கப்பட்டபோதும் நிலை அதுவே. 155 ஆண்டுக்கால நகராட்சியின் தகுதி மாற்றத்தைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்ற மன்றத்தார் ஒருவரும் இருக்கவில்லை. பின்னர் தேர்தல் நடந்து 51 வார்டுகள் கொண்ட மாமன்றம் அமைந்தது.

அந்த மாமன்றத்தின் முன்னிருக்கும் பணிகள் பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே முடிவாகவேண்டியவை. நகரின் நடுவே சென்று சாயக்கழிவையும் வீட்டுக்கழிவையும் சுமக்கும் மஞ்சள் நீர்க் கால்வாயையும், ஆக்கிரமிப்பால் ஒடுங்கிய வேகவதியையும் சீராக்குவதற்கு நீர்வளம், வருவாய், மாசுக்கட்டுப்பாடு ஆகிய துறைகள் ஒருசேர இசையவேண்டும். குடிநீர் ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் பாலாற்றுப் படுகையிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்தப் படுகையில் நீர் ஊறுவது கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் பாலாற்றின் மேற்பகுதியில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. பாலாறு உள்ளிட்ட ஆறுகள் பற்றி மைசூர் அரசும் சென்னை அரசும் 1892இல் செய்துகொண்ட உடன்படிக்கையே இன்றும் வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுகிறது. காஞ்சிபுரத்தின் குடத்துக்கு வரவேண்டிய நீருக்காக மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்காட வேண்டியிருக்கையில், அந்த வழக்கில் நகரத்தின் குரல் மாநிலத்தின் குரலுக்குள் கரைந்துவிடுகிறது.

திருமுக்கூடல் இன்று ஓர் ஊராட்சி. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம சபைக்கு, அதாவது ஊரின் வாக்காளர் அனைவரும் அடங்கிய கூட்டத்துக்கு, சட்டத் தகுதி அளித்தது. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய அந்தச் சபை, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1உம் சேர்க்கப்பட்டதிலிருந்து ஆறு முறை கூடுகிறது. மேலவை ஒழிந்த அதே நவம்பர் 1 உள்ளாட்சி நாளாகக் கொண்டாடப்படுவது தற்செயலே. மாட்டுப்பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து வந்து, பழையசீவரம், சாலவாக்கம், காவாந்தண்டலம் ஆகிய ஊர்ப் பெருமாள்களோடும் திருமுக்கூடல் பெருமாளோடும் காட்சி தரும் பார்வேட்டைத் திருவிழாவின்போது, பல ஊராட்சிகள் ஒன்றாகத் திட்டமிடவேண்டிய தேவை ஆண்டுதோறும் எழுகிறது. ஆற்றின் இரு கரை ஊர்களும் சேர்ந்து கேட்கும் கேள்விகளுக்கு ஒரு கிராம சபை விடையளிக்க முடியாது. மணல் அள்ளப்பட்டுப் பள்ளமான படுகையில் நீரைத் தேக்குவதற்கான தடுப்பணை பழையசீவரம் அருகே எழுந்தது, உழவர்கள் நெடுங்காலம் விடாது வலியுறுத்தியதன் பயனே ஆகும்.

இழந்த இருக்கையை மீட்கும் முயற்சி ஒன்றும் நடைபெறாமல் இல்லை. 2010 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை மேலவையை மீண்டும் அமைக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்ற, நாடாளுமன்றம் அதே ஆண்டில் தமிழ்நாடு சட்ட மேலவைச் சட்டத்தை இயற்றியது. 78 உறுப்பினர் கொண்டதாகத் திட்டமிடப்பட்ட அந்த அவையில் 26 இடங்கள் உள்ளாட்சிகளின் வாக்கால் நிரப்பப்பட வேண்டியவை. தொகுதிகள் வகுக்கப்பட்டு, தேர்தல் நெருங்கிய வேளையில் வழக்குகள் குறுக்கிட்டன. 2011இல் ஆட்சி மாறியதும் புதிய பேரவை அத்தீர்மானத்தை மாற்றி மேலவை வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2021ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தி.மு.க. தன் தேர்தல் அறிக்கையில் மேலவையை மீண்டும் கொண்டுவருவதாகச் சொன்னது. அந்த 26 இடங்களைப் பற்றி அதற்குப் பின் நடந்த விவாதங்களில், மேலவையால் ஆகும் செலவும் கட்சிகளுக்குக் கிடைக்கும் பதவிகளுமே பேசப்பட்டன; வாக்களிக்கவேண்டிய நகரமன்றத்தாரும் ஊராட்சிகளும் அவ்விடங்களை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற கேள்வியை எந்தக் கட்சியும் எழுப்பவில்லை.